இரண்டு போத்தல், ஒரு சஹன்

டொக்டர் புண்ணியமூர்த்தி "எனக்குத் தெரியாது" என்று சொன்னதும் முனவ்வறா கதிரையின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தாறு வருட ஹயாத்தில் கல்முனையிலிருந்து கண்டி வரைக்கும் அவள் பார்த்த டொக்டர்மாரை ஏற்றினால் ஒரு பஸ் நிறைந்து, மிச்சப்பேர் கூரையில் ஏறியிருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. தெரியாதவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்கள். அதைவிடத் தெரியாதவர்கள் ஸ்கேனுக்கு எழுதினார்கள். வாய் திறந்து தெரியாது என்றவர் இந்தப் பாண்டிருப்பு மனிதர் ஒருவர்தான். அதையும் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"ஒங்களுக்கே தெரியாதெண்டா பின்ன ஆருக்குத்தான் டொக்டர் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது உம்மா. அதுக்குத்தான் இந்த ஆய்வு."

அவளுக்கு வலப்பக்கம் புருஷன் மீராசாஹிபு. இடப்பக்கம் அவளுடைய உடன்பிறந்த தம்பி, பெயரே முகம்மது தம்பி. இரண்டு பேரும் ஒரே வட்டையில் அடுத்தடுத்த வயல் செய்கிறவர்கள். இரண்டு பேருக்கும் சீனி வருத்தம். போன பெரும்போக மழையில் வரம்பு உடைந்தபோது இரண்டு பேரும் வெறுங்காலோடு ஒரே சேற்றில் இறங்கி, வரம்பையும் கட்டி, ஒரே கிருமியையும் வாங்கிக்கொண்டு கரையேறினார்கள். வயல் மண்ணில் குடியிருக்கிற கிருமி அது. அது தருகிற வருத்தத்துக்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர். முனவ்வறா அந்தப் பெயரோடு ஒரு மாதம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, 'மண் வருத்தம்' என்று வைத்துக்கொண்டாள்.

மீராசாஹிபுவுக்கு ஈரலில் சீழ் கட்டியது. முகம்மது தம்பிக்கு நெஞ்சில் ஏறியது. கசநோய் என்று நினைத்து அவனை முதலில் தனியாகப் படுக்க வைத்தார்கள். மீராசாஹிபு நடுங்கிய நடுக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் வார்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நகர்ந்தது என்று முனவ்வறா இன்றைக்கும் சொல்லுவாள். கட்டிலுக்கு அடியில் உருளுகிற சில்லு இருந்ததை மட்டும் சொல்லமாட்டாள். சாதாரண மருந்து எதற்கும் மசியாத கிருமி. வழக்கமான ஊசிகளை எல்லாம் அது சர்பத் மாதிரிக் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. கடைசியில் அதற்கென்றே உள்ள பெரிய ஊசி ஒரு மாதம், பிறகு விழுங்குகிற குளிசை பன்னிரண்டு கிழமை, கிட்டத்தட்ட மூன்று மாதம். மையத்தாகப் போக வேண்டிய இரண்டு பேர் எழுந்து நடந்தார்கள். பன்னிரண்டாவது கிழமை அன்றோடு முடிந்தது.

"இப்ப பிரச்சினை இதுதான்," என்றார் டொக்டர். "பன்னிரண்டு கிழமை போதும் எண்டு ஒரு பகுதி டொக்டர்மார் சொல்றாங்க. இருபது கிழமை குடுக்காட்டி கிருமி ஒளிச்சிருந்து திரும்பி வரும் எண்டு மற்றப் பகுதி. கனகாலம் குடுத்தா சிறுநீரகத்துக்குக் கூடாது. குறைச்சா வருத்தம் திரும்பலாம். அதால இன்னும் எட்டுக் கிழமைக்குப் போத்தல் தருவம். பாதிப்பேருக்கு அசல் மருந்து. பாதிப்பேருக்கு மருந்தில்லாத குளிசை. ஒரே நிறம், ஒரே கசப்பு."

"எங்களுக்கு எது?"

"அதுவும் எனக்குத் தெரியாது. நர்ஸ் மிஸிக்கும் தெரியாது. அந்தக் கணக்கு கொழும்பில பூட்டி வெச்சிரிக்கி. விருப்பமில்லாட்டி சேரத் தேவையில்ல. எப்பவும் போல கிளினிக்கில பாப்பம்."

மருந்தில்லாத குளிசையை மெனக்கெட்டுச் செய்து, அதற்குக் கசப்பும் ஏற்றி, போத்தலில் போட்டு, இலக்கமும் அடித்து அனுப்புகிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும்.

முகம்மது தம்பி பேனையை எடுத்தான். "மச்சான், ஒங்களுக்குப் பயமெண்டா நீங்க விடுங்க."

அதற்குப் பிறகு மீராசாஹிபு யோசிக்கவில்லை. அவர் வைத்த கையெழுத்து மூன்று தாள்களைத் துளைத்துக்கொண்டு மேசையிலும் கிடக்கிறது.

ஆய்வு வேலை பார்க்கிற மர்ஷூதா மிஸி மருதமுனைப் பிள்ளை. போத்தல் இரண்டையும் முனவ்வறாவின் கையில்தான் கொடுத்தாள். முகம்மது தம்பியின் பெண்சாதி ஸுஹைறா மகளின் பிள்ளைப்பேற்றுக்காக அக்கரைப்பற்றுக்குப் போயிருந்ததால், அவனுக்கு மூன்று நேரச் சாப்பாடும் அவனுடைய ராத்தா முனவ்வறா வீட்டில்தான்.

"ராத்தா, காலையில ரெண்டு, ராவைக்கு ரெண்டு. ஒரு போத்தல்ல நூற்றிருவது இரிக்கி, நாலு கிழமைக்குப் போக மிச்சம் வரும். மிச்சத்தக் கொண்டு வரணும், எண்ணிப் பாப்பம். ஆளுக்காள் மாத்திக் குடிக்கப்படாது."

"ஓம் மகள்," என்றாள் முனவ்வறா. மனதாரத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஆராய்ச்சி தொடங்கியது, கொழும்பில் நடப்பதைவிடக் கடுமையாக. முகம்மது தம்பி ராவைக்குத் தந்த இரண்டில் ஒரு குளிசையைக் கோப்பைத் தண்ணீரில் போட்டான். மீராசாஹிபுவும் தன்னுடையதைப் போட்டார். இரண்டு பேரும் பிறை பார்க்கிற மாதிரிக் குனிந்து பார்த்தார்கள்.

"உன்ட கெதியாக் கரைஞ்சிரிச்சி," என்றார் மீராசாஹிபு. "அசல்தான் கெதியாக் கரையும்."

"மாவுதான் மச்சான் கெதியாக் கரையும். ஒங்கடத பாருங்க, கல்லு மாதிரி நிக்கிது. அதுதான் அசல்."

"எனக்கு வயிறு எரியிறல்ல. முந்தி எரிஞ்ச. எனக்கு வாச்ச சும்மாக் குளிசைதான்."

"எனக்கு மட்டும் எரியுதா? ரெண்டு பிளேட் புட்டு திண்டும் வயிறு குளுகுளு எண்டு கிடக்கு. அசலெண்டா இப்பிடிக் கிடக்குமா?"

கரைத்த தண்ணீரை வீணாக்காமல் ஆளுக்கொரு மிடறாகக் குடித்து முடித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பேர் வயிறு எரியவேண்டும் என்று துஆக் கேட்டார்கள். ஒருவர் ஏப்பம் விட்டால் மற்றவர் சந்தேகத்தோடு பார்த்தார். சாய்ந்தமருதில் பாதி ஊர் வந்து போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனது. மற்றப் பாதி வராததற்குக் காரணம், அவர்கள் வந்தவர்களிடம் கேட்டறிந்துகொண்டதுதான்.

முனவ்வறாவுக்கு இது பகிடியாக இல்லை. போத்தல்கள் அவளுடைய அலுமாரியில். காலையும் இரவும் மூடியைத் திறந்து கொடுக்கிற கை அவளுடையது. அசல் புருஷனின் போத்தலில் இருந்து, தம்பிக்கு வருத்தம் திரும்பினால்? தாய் தகப்பன் மவுத்தான பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பிக்கு, அவளே நாளுக்கு நாலு வெறும் மாவுக்கட்டியை எண்ணிக் கொடுத்ததாகிவிடும். அசல் தம்பியின் போத்தலில் இருந்து, மீராசாஹிபு மறுபடி அந்தக் கட்டிலில் கிடந்து நடுங்கினால்? முப்பத்தைந்து வருடமாக அவள் ஆக்கிப்போட்டதைக் குறைசொல்லாமல், ஆனால் உப்பை மட்டும் கேட்டு வாங்கித் தின்ற மனிதர் அவர். எந்தப் பக்கம் நினைத்தாலும் ஒரு பக்கம் மையத்து விழுந்தது. ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டு இதை நினைத்துக்கொண்டு நின்றதில் அந்தக் கிழமை கருகிய ரொட்டியால் ஒரு கிணற்றைத் தூர்த்திருக்கலாம்.

இரண்டாவது கிழமை வியாழக்கிழமை, பக்கத்து வீட்டுக் கந்தூரி விருந்திலிருந்து ஒரு சஹன் சோறு வந்தது. பெரிய வட்டத் தட்டு. சுற்றியிருந்து ஐந்தாறு பேர் ஒன்றாகத் தின்கிற தட்டு. இரண்டு மச்சான்மாரும் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து முகம் கொடுத்துக் கதைக்காதவர்கள். ஆனால் சஹனில் கை வைத்ததும் மீராசாஹிபு நடுவில் கிடந்த பெரிய இறைச்சித் துண்டை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை மற்றப் பக்கம் தள்ளினார். முகம்மது தம்பி அதில் கொழுப்பைப் பிய்த்து, மச்சானுக்குப் பிடிக்கும் என்று திருப்பித் தள்ளினான். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சஹனில் அப்படித்தான். கோர்ட்டில் வழக்குப் பேசிவிட்டு வருகிறவனும் சஹனில் எதிராளிக்கு இறைச்சி தள்ளித்தான் ஆகவேண்டும்.

முனவ்வறா கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஜும்ஆவுக்கு இரண்டு பேரும் பள்ளிக்குப் போன பிறகு, அவள் சஹனைக் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து எடுத்தாள். ஒரு போத்தலை அதில் கவிழ்த்து எண்ணினாள். எண்பத்து நாலு. மற்றதையும் கவிழ்த்து எண்ணினாள். அதுவும் எண்பத்து நாலு. பிஸ்மி சொல்லி இரண்டு கைகளாலும் கலந்தாள். மேலது கீழே, கீழது மேலே, ஓரத்தில் கிடந்தது நடுவுக்கு. கல்யாணத்துப் பிரியாணிக்குக்கூட அவள் அப்படிக் கலந்ததில்லை. பிறகு போத்தலுக்கு எண்பத்து நாலாக எண்ணிப் போட்டு மூடினாள்.

மாத்திக் குடிக்கப்படாது என்றுதான் மர்ஷூதா சொன்னாள். கலக்கப்படாது என்று சொல்லவில்லை. முனவ்வறா சொன்ன சொல்லை மீறவில்லை. அசல் ஒருவருக்குப் போய் மற்றவருக்குப் போகாமல் இருக்கிற அநியாயத்தை மட்டும் நிறுத்தினாள்.

அடுத்த இரண்டு கிழமையும் அவள் ராணி மாதிரி இருந்தாள். ரொட்டி கருகவில்லை. மச்சான்மார் வழக்கம்போல ஏப்பத்துக்குச் சண்டை பிடித்தார்கள், அவள் சிரித்துக்கொண்டாள். கொழும்பில் பூட்டி வைத்திருப்பவர்களுக்கே தெரியாத ஒன்று சாய்ந்தமருதில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்பு முகம்மது தம்பி இருமத் தொடங்கினான்.

முதல் இருமலுக்கே முனவ்வறா பால் கோப்பையை வைத்துவிட்டு ஓடிவந்தாள். "சளி ராத்தா, மழையில நனைஞ்ச," என்றான் அவன். போன தடவையும் அப்படித்தான் சொன்னான்.

கிளினிக்கில் மர்ஷூதா மிச்சக் குளிசைகளைத் தட்டில் கொட்டி எண்ணினாள். இதில் எட்டு, அதில் எட்டு.

"ராத்தா, இந்தப் பக்கத்தில இவ்வளவு சரியாக் கொண்டு வந்த ஆள் நீங்க ஒராள்தான். ஒரு குளிசை கூடக் குறைய இல்ல."

முனவ்வறாவின் நெஞ்சு நிமிர்ந்தது. அது நிமிர்ந்து முடிவதற்குள், அடுத்த மேசையில் டொக்டர் ஒரு கிழவரை ஏசுவது காதில் விழுந்தது. கிழவர் காலில் புண்ணுக்குக் கொடுத்த மருந்தை, வயிறு தாங்கவில்லை என்று பாதி பாதியாக உடைத்துக் குடித்திருக்கிறார்.

"அரைவாசிக் குளிசை கிருமிக்கு மருந்தில்ல அப்பா, பயிற்சி. அது சாகாது, பழகிக்கொள்ளும். பழகின கிருமிக்கு மறுகா அந்த மருந்து முழுசாக் குடுத்தாலும் ஏறாது. வருத்தம் திரும்பி வந்தா நான் எதக் குடுக்கிற?"

முனவ்வறா நின்றாள். அசல் ஒரு போத்தலில் மட்டும் இருந்திருந்தால், அவள் கலந்த கலவையில் இரண்டு பேருக்கும் போனது அரைவாசி. ஒருவரைக் காப்பாற்றாமல் விட்டுவிடுவேனோ என்று பயந்தவள், இரண்டு பேரின் உடம்பிலும் கிருமிக்குப் பயிற்சி முகாம் திறந்து கொடுத்திருக்கிறாள். எண்ணிக்கை எட்டுக்கு எட்டு சரி. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் ஒருவருக்கும் தெரியாது.

வாங்கில் உட்கார்ந்திருந்த முகம்மது தம்பி இருமினான்.

"டொக்டர்," என்றாள் முனவ்வறா. "நான் கலந்திட்டன்."

"என்னத்த?"

"ரெண்டு போத்தலையும். சஹன்ல போட்டு."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். பாண்டிருப்பு மனிதர், இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் சஹனில் உட்கார்ந்து தின்றவர். எதில், எப்படி என்று விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

"நல்லாக் கலந்தீங்களா?"

"ரெண்டு கையாலயும்."

"எண்டைக்கு?"

"போன போன கிழமைக்கு முந்தின ஜும்ஆக்கு. நான் மாத்தல்ல டொக்டர். பங்கு வெச்ச. ஆருக்கும் அநியாயம் போகப்படாதெண்டு." அவள் வாங்கைத் திரும்பிப் பார்த்தாள். "இவன் இருமுறான். நான் செஞ்சதாலயா?"

மர்ஷூதா ஒரு படிவத்தை எடுத்தாள். ஒழுங்கு தவறியதை எழுத அதில் ஒரு வரி விட்டிருந்தது.

மீராசாஹிபு எழுந்து வந்தார். ஏசப் போகிறார் என்று முனவ்வறா தலையைக் குனிந்தாள். அவர் டொக்டரின் பக்கம் திரும்பினார்.

"டொக்டர், அவள மட்டும் சொல்லப்படாது. நான் முதல் கிழமையிலேயே இவன்ட போத்தல்ல எடுத்துத்தான் குடிச்ச. அவள் தாறத சட்டைப் பையில போட்டுக்கொண்டு, மறுகா இவன்ட போத்தல்ல போட்டிருவன். இவனுக்குத்தான் அசல் எண்டு நினைச்சன்."

முகம்மது தம்பியின் இருமல் நின்றது. "எப்ப மச்சான் எடுத்த?"

"நீ சுபஹுத் தொழுகைக்குப் போற நேரம்."

"நான் பகல் லுஹர் நேரம் எடுத்து, என்டத போட்ட," என்றான் முகம்மது தம்பி மெதுவாக. "ஒங்கட போத்தல்ல."

மர்ஷூதா படிவத்தைப் பார்த்தாள். ஒரு வரியைப் பார்த்தாள். எழுந்து போய் வெள்ளைத் தாள் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

டொக்டர் ஒரு தாளில் கோடு கிழித்துக் கணக்குப் பார்த்தார். இரண்டும் அசலாக இருந்தால் ஒன்றும் இல்லை. இரண்டும் வெறுங்குளிசையாக இருந்தாலும் ஒன்றும் இல்லை. ஒன்று இது, ஒன்று அது என்றால், முதல் கிழமை இவர் அவருடையதை, அவர் இவருடையதை, பிறகு கலந்ததில் ஆளுக்கு எத்தனை? நாலைந்து அம்புக்குறி போட்டபிறகு அந்தத் தாள் வாய்க்கால் வரைபடம் மாதிரி ஆகிவிட்டது. அவர் பேனையை மூடினார்.

"கொழும்பக் கேளுங்களன் டொக்டர்," என்றாள் முனவ்வறா.

"கொழும்பு எந்தப் போத்தல்ல என்ன இருந்த எண்டு சொல்லும். இவங்க எத எப்ப முழுங்கின எண்டு கொழும்புக்கு எப்பிடித் தெரியும்? அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

"ஆய்வக் கெடுத்திட்டனா?"

"சொல்லாமப் போயிருந்தாத்தான் கெடுத்திருப்பீங்க. நாங்க பிழையானத சரி எண்டு எழுதியிருப்பம். நாளைக்கு ஒரு டொக்டர் அத நம்பி இன்னொரு ஆளுக்கு மருந்த நிப்பாட்டியிருப்பார்." அவர் முகம் இப்போது சிரிக்கவில்லை. "பிழை பிழைதான் உம்மா. இனி ஆய்வுக் குளிசை வேணாம். ரெண்டு பேருக்கும் எங்கட மருந்தறையில இருந்து அசலே தாறன், மிச்ச நாலு கிழமைக்கும். பேர் ஆய்வில இருக்கும், நடந்தத நடந்த மாதிரி எழுதுவம். இப்ப ரெண்டு பேர்ட நெஞ்சையும் படம் எடுக்கணும், இரத்தம் எடுக்கணும்."

"இரத்தத்தில தெரியுமா, கிருமி திரும்பின எண்டு?"

"கிருமி வளர்ற சத்துத் தண்ணிக்குள்ள இரத்தத்த விட்டு, சூட்டில வெச்சு ஏழு நாள் பாப்பம். கிருமி இருந்தா வளரும்."

அந்த ஏழு நாளையும் முனவ்வறா ஏழு வருடமாக இழுத்து முடித்தாள். நெஞ்சுப் படத்தில் பழைய தழும்பைத் தவிர ஒன்றும் இல்லை என்றார்கள். அது அவளுக்குப் போதவில்லை. முகம்மது தம்பியின் இருமல் மூன்றாம் நாள் நின்றது. நின்றது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று விளங்கவில்லை. மீராசாஹிபுவின் நெற்றியை நாளைக்கு நாற்பது தரம் தொட்டுப் பார்த்ததில், அவர் நெற்றிதான் சுடுகிறதா, அடுப்படியில் நின்ற தன் கைதான் சுடுகிறதா என்பதும் குழம்பிப் போனது.

"கோவமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"என்னத்துக்குக் கோவம்? எல்லாத்தையும் உன்ட தம்பிக்குக் குடுத்திருந்தாக் கோவம்."

"நான் ஒங்களுக்கும் அவனுக்கும்..."

"தெரியும் புள்ள. சோத்தப் போடு."

எட்டாம் நாள் சாப்பாட்டு நேரம் கைத்தொலைபேசி அடித்தது. டொக்டர்.

"உம்மா, ஒண்டும் முளைக்கல்ல."

"ஆருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

ஏழு நாளும் அவள் 'இவருக்கா, அவனுக்கா' என்பதற்குத்தான் மனதைத் தயார் பண்ணியிருந்தாள். தொலைபேசியைப் புருஷனிடம் நீட்டினாள்.

மீராசாஹிபு சோற்றுக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அதைக் காதில் வைத்தார். "முளைக்கல்லயா? சரியாத்தான் விதைச்சீங்களா டொக்டர்?"

"சரியாத்தான் விதைச்சம்."

"தண்ணி, சூடு எல்லாம் காணுமா?"

"எல்லாம் அளவாக் குடுத்தம். ஏழு நாளும் பாத்தம். ஒரு வருஷத்துக்கு மாசம் மாசம் நீங்க வந்து காட்டணும், அது வேற. ஆனா இண்டைக்கு ஒண்டுமில்ல."

நாற்பது வருடமாக வயல் செய்கிற மனிதர். விதைத்தது முளைக்கவில்லை என்று ஒருமுறை விதைநெல் விற்றவனைத் தேடி அம்பாறை வரைக்கும் சைக்கிளில் போனவர். இன்றைக்கு ஒன்றும் முளைக்கவில்லை என்று கேட்டுவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று மெதுவாகச் சொன்னார். எதிரே இருந்த முகம்மது தம்பி கறிச்சட்டியை இழுத்து, பெரிய மீன் துண்டாகப் பார்த்து மச்சானின் தட்டில் போட்டான்.

"அப்ப எந்தக் குளிசை ராத்தா எங்களக் காப்பாத்தின?" என்று கேட்டான். "என்ட போத்தல்ல இருந்ததா, மச்சான்ட போத்தல்ல இருந்ததா? இல்லாட்டி முதல் பன்னிரண்டு கிழமையே போதுமா இருந்ததா?"

"எனக்குத் தெரியா," என்றாள் முனவ்வறா. சொல்லும்போதே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனவள், அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். எதற்கென்று அவளுக்கே பிடிபடவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மீனுக்கு இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டுமா என்று புருஷனைக் கேட்டாள்.